அம்மனுக்குச் சாத்திய புடவையின் நிறம்

என் வலது கண்ணின் பார்வை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக் குணம் கிடைத்த கதை என்று நம்பிப் படித்து, அடியார்கள் யாரும் ஏமாறக் கூடாது.

சென்ற ஆண்டு சித்திரையில் எனக்குத் தைராய்டு கோளாறு என்று தெரிந்தது. வைகாசி முடிவதற்குள் கண்கள் பிதுங்கிவிட்டன. தூக்கத்திலும் இமை மூடாது. சிங்கப்பூர் பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் குழந்தைகள் என்னைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டன. என் மனைவி கமலா அம்மனுக்குப் புடவை நேர்ந்துகொண்டாள். தேக்கா சந்தைக் கடையில் நல்ல இரத்தச் சிவப்பாக நானே பார்த்து எடுத்தேன்.

ஆனியில் புத்தக வரிகள் நெளியத் தொடங்கின. பார்வை மாறினால் உடனே வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். கண்ணில் நீர் கோத்திருப்பதால்தான் இப்படி என்று நானே முடிவு செய்து, சொட்டு மருந்தோடு இருந்துவிட்டேன். புத்தகம் படிக்க முடியாமல் போனால் எனக்கு என்ன மிஞ்சும்? சாகலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆடி இரண்டாம் வெள்ளி, சிராங்கூன் சாலைக் கோயிலில் புடவையைச் சாத்தினார்கள். கற்பூரப் புகையில் எரிந்த இடது கண்ணைப் பொத்தியபடி நின்றேன். திரை விலகியது. அம்மன் மேல் இருந்தது பழுப்புப் புடவை.

"இது நாங்க குடுத்த புடவை இல்ல," என்றேன், அருகில் நின்ற தொண்டரிடம்.

"அதேதான் லா, அண்ணே. நானே மடிச்சு உள்ள குடுத்தேன்."

"கண்ணு தெரியாதவன்னு ஏமாத்துறீங்களா?"

கமலா என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க இது, கோயில்ல வந்து சண்டை! செக்கச்செவேல்னு இருக்கு. சும்மா இருங்க."

எல்லாருக்கும் தெரிகிற சிவப்பு எனக்கு மட்டும் தெரியவில்லை. அம்மா என் காணிக்கையை ஏற்கவில்லை என்றே நினைத்தேன். 'என்ன குறையென்றாவது காட்டு, தாயே' என்று மட்டும் வேண்டினேன்.

திரும்பும் ரயிலில் அழுகை வந்துவிட்டது. வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியபடி கமலாவைப் பார்த்தேன். அவள் நெற்றியில் குங்குமம் பளீரென்று சிவந்திருந்தது. கைக்குட்டையை இடது கண்ணுக்கு மாற்றினேன். அதே குங்குமம் காய்ந்த சேறு போலத் தெரிந்தது. மறுபடி மாற்றிப் பார்த்தேன்.

"கமலா, குறை புடவையில இல்ல. என் கண்ணுலதான்."

"எழுந்திரிங்க," என்றாள். "இறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கண்ணுக்குப் பின்னாலுள்ள தசைகள் வீங்கிப் பார்வை நரம்பை நெரிப்பதாக மருத்துவர் சொன்னார். அந்த அழுத்தத்தில் விழித்திரையும் அதன் அடிப்படலமும் மடிந்து சுருங்கியிருந்தன. இடது கண்ணிலும் நெரிசல் தொடங்கியிருந்தது. நிறம் மங்குவதும் நோயின் அறிகுறியாம். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு கண்களும் போயிருக்கலாம் என்றார். இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றினார்கள். பிறகு கண்குழி எலும்பைக் குறைத்து வீங்கிய தசைகளுக்கு இடம் விடும் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

ஐப்பசியில் இடது கண் தப்பிவிட்டது என்றார்கள். வலது கண்ணில் மடிப்பு அப்படியே தங்கிவிட்டது. நேரான கம்பி இன்றும் வளைந்தே தெரிகிறது. பல காலைகளில் எழுந்திருக்கவே மனமில்லை. இருந்தும் எழுந்து விளக்கேற்றுகிறேன். முன்பு அம்மனிடம் கேட்க மட்டுமே தெரியும். இப்போது காத்திருக்கவும் பழகிவிட்டேன்.

நம்பிக்கை அற்று நிற்பவர்களே, அந்த நிலையிலேயே அம்மாவைக் கூப்பிடுங்கள். நிறம் மங்கினாலோ வரி நெளிந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்; அவள் உங்களோடு வருவாள். நான் கேட்டது இரண்டு கண்கள். ஒன்றைக் காப்பாற்றித் தந்தாள். அந்த ஒன்றால் இதை எழுதி, அவள் காலடியில் வைக்கிறேன்.