எல்லா ரெக்கார்டிலும் என் நம்பர்

1. அஞ்சு நிமிஷம்

2011-இல் ஒரு மத்தியானம். கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவும்போது மொபைல் அடித்தது. எங்கள் கம்பெனியின் லேண்ட்லைன் நம்பர்.

"அம்மாங்களா? ஒரகடம் கம்பெனிலேர்ந்து பேசறேன், ஃபர்ஸ்ட் எய்டு ரூம். உங்க பொண்ணுக்குக் கையில அடி பட்டுச்சு. பயப்படாதீங்க, கெளம்பி வாங்க."

"அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று வைத்துவிட்டேன். யாருக்கு அடி என்று கேட்கவில்லை. எனக்கு ஒரே பெண். நித்யா அந்த வாரம்தான் எங்கள் தொழிற்சாலையிலேயே அப்ரெண்டிஸாகச் சேர்ந்திருந்தாள். நான் அங்கே ஐ.டி. பிரிவில் இருந்தேன். ஃபர்ஸ்ட் எய்டு ரூம் இரண்டு ஷெட் தள்ளி. ஓடியதில் ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுபோனது.

கட்டிலில் கையில் பஞ்சுக் கட்டோடு உட்கார்ந்திருந்தது நித்யா இல்லை.

"அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா மேடம், நீங்க இன்னாத்துக்கு ஓடியாறீங்க?" என்றார் நர்ஸ் குமார். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "நான் இந்தப் பொண்ணோட அம்மாவல்ல கூப்ட்டேன்?"

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல, அண்ணே" என்றாள் அவள். "எங்கம்மா சாயல்குடில இருக்கு. அஞ்சு நிமிசத்துல எப்பிடி வரும்?"

பெயர் முத்துமாரி, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. குமாரின் கம்ப்யூட்டரில் அவள் ரெக்கார்டு திறந்திருந்தது. அவசரத் தொடர்பு எண் என்ற இடத்தில் என் மொபைல் நம்பர். அடுத்த ரெக்கார்டைத் திறந்தேன். அதிலும் என் நம்பர். அதற்கடுத்ததிலும்.

2. கேள்வி கேட்காத ஃபிரேம்வொர்க்

அந்த சாஃப்ட்வேரை எழுதியது நான்தான். பி.எச்.பி. மொழியில், பாதி வேலையைத் தயாராக எழுதி வைத்திருக்கும் கோட்இக்னைட்டர் என்ற ஃபிரேம்வொர்க்கில். அன்று காலை கவனமாக ஒரு வேலை செய்தேன்: யாராவது நம்பரை மாற்றினால் பழைய நம்பரைத் தனியே எழுதி வைக்கும் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தேன். நித்யாவின் ரெக்கார்டில் என் புது நம்பரைப் போட்டு டெஸ்ட் செய்தேன்.

கோட்இக்னைட்டரில் "இந்த எம்ப்ளாயி மட்டும்" என்ற கண்டிஷனை ஒரு வரியிலும், "மாற்று" என்பதை அடுத்த வரியிலும் எழுதலாம். அது கண்டிஷனைக் கையில் வைத்திருந்து, அடுத்து வரும் முதல் வேலைக்குக் கொடுத்துவிடும். நான் என் புது ஃபங்ஷனை இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் வைத்தேன். பழைய நம்பரைப் படித்த வேலை கண்டிஷனை வாங்கிக்கொண்டது. அதற்குப் பின் வந்த "மாற்று" கண்டிஷன் இல்லாமல், எல்லாருடைய ரெக்கார்டும் இருக்கும் டேபிள் முழுவதையும் மாற்றியது. எர்ரர் எதுவும் வரவில்லை.

நித்யாவின் ரெக்கார்டைத் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது. சாப்பிடப் போய்விட்டேன்.

3. காகிதம்

பேக்கப்பிலிருந்து எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. முத்துமாரியின் மொபைல் ஹாஸ்டலில் இருந்தது. வீட்டு நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை.

"போகுமுன்ன அம்மாட்ட ஒரு வார்த்த பேசிக்கிறேன், மேடம். அது வேற யார் சொன்னாலும் நம்பாது."

ஹெச்.ஆர். பீரோவில் அவள் சேரும்போது எழுதிக்கொடுத்த படிவம் இருந்தது. அதில் பக்கத்து வீட்டுக்காரரின் நம்பர். கூப்பிட்டேன். அவர் ஓடிப்போய் அந்த அம்மாவை அழைத்து வருவதற்குள், என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"அக்கா, முத்துமாரி அம்மாவா? முத்துமாரி என் பக்கத்துலதான் இருக்கா. நல்லா பேசறா. இந்தாங்க."

"யம்மா, அழாத" என்றாள் முத்துமாரி. "எடது கைதான். ரெண்டு விரலு. நீ சாப்டியா?"

நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆம்புலன்ஸில் அவளுடன் நானே போனேன். தையல் போட்டார்கள், விரல்கள் தப்பின.

4. அடுத்த ரெக்கார்டு

மறுநாள் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். "அந்த ஃபிரேம்வொர்க்கையே தூக்கிப் போட்டுடலாமா, மேடம்?" என்றார். வேண்டாம் என்றேன். மொத்த ஃபோல்டரும் ஒரு பென் டிரைவில் அடங்கும். எங்கள் பழைய சர்வரிலும் வேகமாக ஓடும். சந்தேகம் வந்தால் அதன் கைடில் பதில் இருக்கும். தனியாளாக நான் இரண்டே மாதத்தில் ஒரு தொழிற்சாலைக்கு சாஃப்ட்வேர் எழுத முடிந்தது அதனால்தான். ஆனால் நாம் சொன்னதை அப்படியே செய்யும், "எல்லாருக்குமா?" என்று திருப்பிக் கேட்காது. கேட்கவேண்டிய ஆள் நான்.

அதன் பிறகு கண்டிஷனுக்கும் "மாற்று"க்கும் நடுவில் ஒரு வரிகூட விடுவதில்லை. குமாரின் ஸ்கிரீனில் நம்பருக்கு மேலே வேலை செய்யும் பிள்ளையின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டேன், போனில் முதலில் பெயரைச் சொல்வதற்காக. இன்றும் லேண்ட்லைன் நம்பர் வந்தால் முதலில் "யாருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது நம்பருக்கும் ஓர் இடம் சேர்த்தேன். தையல் பிரித்து வேலைக்குத் திரும்பிய முத்துமாரியிடம் யாருடையதைப் போடுவது என்று கேட்டேன்.

"உங்களதே போடுங்க, மேடம். அஞ்சு நிமிசத்துல வந்துருவீகள்ல?"

அன்று என் "அப்பாடா"வைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தவள் அவள். என் நம்பரை அடித்து சேவ் செய்தேன். அவள் ரெக்கார்டில் சரியாக வந்திருந்தது. பிறகு அடுத்த ரெக்கார்டைத் திறந்தேன். அதில் வேறொரு பிள்ளையின் அப்பா நம்பர் பத்திரமாக இருந்தது.