வாய்க்குள் நீல வெளிச்சம்

வாய்க்குள் கேமராக் குழாய் விடுகிறவனுக்கு ஒரே ஒரு சௌகரியம், குழாய் உள்ளே இருக்கும்வரை யாரும் அவனைத் திட்ட முடியாது. பல் நாற்காலியில் வாய் பிளந்து கிடந்த அன்பர்களே, வெளியே எடுத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

ரோஸி சொன்னது

என் மனைவி ரோஸியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மதுரை ஆஸ்பத்திரியில், பார்வை நேரம் முடிந்து எல்லோரையும் வெளியே அனுப்பியபோது. கன்னத்தில் புற்று, தெரியவரும்போதே முற்றியிருந்தது. அவளைப் போலவே வெற்றிலையும் புகையிலையுமாக இருந்தவன் தேவதானத்தில் இருக்கும் அவள் தம்பி ஜெபராஜ். வலியோடு சொன்னாள்: "எந்தம்பி வாய எப்பிடியாவது டாக்டர்ட்டக் காட்டிருங்க. பேசுறதுக்கு மட்டுந்தான் அவன் வாயத் தொறப்பான்."

பால்கோவா

அப்போது நான் ராஜபாளையத்தில் டி.வி. ரிப்பேர்காரன். ஒரு பல் டாக்டரம்மா பழுதான கேமராக் குழாயைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டு அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். குழாய்க்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள். அவற்றின் வழியே நீல வெளிச்சம் போனால் நல்ல சதை பச்சையாக மினுங்கும். சந்தேகமான இடம் கறுத்துத் தெரியும். அங்கே டாக்டரம்மா துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடத்திய வாய்ப்புற்று சோதனை முகாமுக்கு, வெற்றிலை போடாமல் வரச் சொல்லியிருந்தோம். வந்தவர்கள் கன்னத்துக்குள்ளெல்லாம் வெள்ளைப் படலம்! அதுவும் புற்றுக்கு முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால் டாக்டரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. பஞ்சால் துடைத்தேன், வந்துவிட்டது, நெய் வாசனையோடு. வரிசையில் நின்ற கடைக்கார பாய் சொன்னார்: "வெத்தலையும் போடக்கூடாதுன்னுட்டீக. வாய் சும்மா இருக்குமா தம்பி? நாந்தான் ஆளுக்குக் கொஞ்சம் பால்கோவா வாங்கிக் குடுத்தேன்."

நூல் கூம்பு

உயிருள்ள வாய் சும்மா இருக்காது. எச்சில் விழுங்கும், மூச்சு விடும், படம் ஆடும். ஜன்னல் வெளிச்சம் வேறு புகுந்து பச்சையை வெளுக்க வைக்கும். மில்லில் நூல் சுற்றும் அட்டைக் கூம்பின் முனையை நறுக்கி, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, அகலப் பக்கத்தை வாயோடு பொருத்தினேன். முனை வழியாகக் குழாய் போனது. ஆட்டம் நின்றது, படம் தெளிந்தது. ஆளுக்கொரு புதுக் கூம்பு. முதலில் மாட்டிக்கொண்ட மில் தொழிலாளி அக்கா, கழற்றியதும் சொன்னார்: "ஷிப்டு முழுக்க இதத்தான் பாக்கேன். லீவு போட்டு வந்தா மூஞ்சிலயே மாட்டுதீகளே!"

மச்சினன்

ஜெபராஜ் மட்டும் பிடிகொடுக்கவில்லை. கூப்பிட்டால், "எனக்கு ஒரு வலியும் இல்ல அத்தான்" என்பான். கூம்பு விஷயம் தேவதானம்வரை போய், அந்த வேடிக்கையைப் பார்க்கத் தானாகவே வந்தான்.

"அத்தான், வாயில புனல் மாட்டுதீகளாம்ல! ஊரே சிரிக்கு."

"மாட்டிப் பாத்துட்டு நீயும் சிரி."

மாட்டினான். எனக்குத் தெரிந்து அவன் பேசாமல் இருந்தது அன்றுதான். பச்சைத் திரையில், நாக்கின் ஓரத்தில் மிளகளவு கறுப்பு. வாய் கொப்பளிக்கச் சொன்னேன். துடைத்தேன். போகவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

சோதனை முடிவு வந்தது: புற்றுதான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். ஆபரேஷன் முடிந்து பேச அனுமதித்ததும் கொழகொழவென்று அவன் சொன்ன முதல் வார்த்தை: "சிரிக்க வந்தவன் நாக்கையே நறுக்கிட்டீகளே, அத்தான்!"

இப்போது வாரம் தவறாமல் வந்து என் உயிரை வாங்கும் ரோஸியின் தம்பியிடம் மிச்சம் இருப்பது, முக்கால் நாக்கும் முழுப் பேச்சும்.