அஞ்சலை மைக் பிடித்த நாள்

கண் முகாம் தொடங்கி இரண்டு மணி நேரமாகியும் பள்ளிக்கூட வராந்தாவில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அதில் நான்கு பேர் எங்கள் சங்க உறுப்பினர்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த கண் டாக்டர், "அடுத்த முகாமும் இப்படின்னா நான் வேற ஊர் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் நெய்வேலி சுரங்க டிராயிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். டவுன்ஷிப் சேவைச் சங்கத்தில் விளம்பரச் செயலாளர். நாற்பது போஸ்டரைக் கைப்பட எழுதி, பக்கத்து ஊரான வடக்குத்து வரை ஒட்டியிருந்தேன். எங்கே தவறினேன் என்று புரியவில்லை.

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளில் வடக்குத்து போனேன். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் அஞ்சலை எனக்குத் தெரிந்தவர். சில மாதம் முன்புதான் கண் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். ஏன் யாரும் வரவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு எழுதி ஒட்டிக்கினு போனா யாரு சார் படிப்பாங்க? அதுவுமில்லாம, கண்ண நோண்டி எடுத்துடுவாங்கன்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

"நீங்க மைக்குல சொல்றீங்களா?"

வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

சங்கத் தலைவர், "மொதல்ல நம்ம பேரையெல்லாம் வாசிச்சிடு, அப்புறம் அந்தம்மா பேசட்டும்" என்றார்.

"நம்ம பேரக் கேட்டா ஆபீசர்ங்கன்னு ஒதுங்கிடுவாங்க சார். அந்தம்மா மட்டும் பேசட்டும்."

தலைவர் தலையசைத்தார். "சரிய்யா. கூட்டம் வரலைன்னா டாக்டருக்கு நீதான் பதில் சொல்லணும்."

ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போனோம். அஞ்சலை மைக்கை வாங்கிப் பிடித்தார். குரல் நடுங்கவில்லை.

"நான் அஞ்சலை பேசறேங்க. எனக்கும் ஆபரேசன் பண்ணாங்க. ஒண்ணும் நோண்டல. இப்ப அரிசில கல்லு பொறுக்கறேன். நம்பலன்னா எங்க வூட்டாண்ட வந்து பாருங்க."

அடுத்த முகாமன்று காலை எட்டு மணிக்கே வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. தலைவரே தண்ணீர்க் குடத்துடன் ஓடிக்கொண்டிருந்தார். டாக்டருக்குச் சாப்பிட நேரமில்லை. "யார் சொல்லி வந்தீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பெரும்பாலானோர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அஞ்சலை சொல்லிச்சுங்க."

விளம்பரச் செயலாளர் பொறுப்புக்கு வரும் இளைஞர்களே, பேனருக்குத் துணி வாங்கும் முன் அந்தத் தெருவுக்குப் போங்கள். அங்கே யார் சொன்னால் நம்புவார்கள் என்று விசாரியுங்கள். அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஜீப்பின் பின்சீட்டில் உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்து போன நாளை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.