பத்து வினாடியில் மூழ்கும் பனியன்

1. நடுக்கம் நின்றது

கொடைக்கானல் மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்த மாரியப்பன், ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைப் பிடிக்காமல் போய் ஓரத்துத் தடுப்புச் சுவரில் உரசி விழுந்தான். பின்னாலேயே வேனில் வந்த நான் இறங்கி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ஆள் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னலே, குளுருதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்... வெக்கையா இருக்கு..." என்றான். வார்த்தை குடிகாரன் வார்த்தை போல இழுத்தது. விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவின, கழற்றத் தெரியவில்லை. பல்லைக் கிட்டித்து நடுங்கிக்கொண்டு வந்தவனுக்கு இப்போது நடுக்கமே இல்லை.

அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சொல்லவே கூசுகிறது. 'நாம் கொடுத்த பனியன் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது' என்று நினைத்தேன்.

வேன் ஓட்டி வந்த செல்வராஜ் பட்டாளத்தில் பனிமலைப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு வந்து மாரியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"சார், அந்த ஈரத்த மொதல்ல கழட்டுங்க! நடுக்கம் நின்னா நல்லதுன்னா நெனச்சிய? ஒடம்புல சூடு தீந்துட்டுன்னு அர்த்தம். ஆளு போயிருவான் சார்!"

சட்டையைக் கிழிக்காத குறையாகக் கழற்றினேன். உள்ளே இருந்த பனியனை உருவியபோது கையெல்லாம் தண்ணீர். பிழிந்தேன். ரோட்டில் கொட்டியது. ஒரு மனிதன் அத்தனை தண்ணீரையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பனிக்காற்றில், இறக்கத்தில், அரை மணி நேரம் சைக்கிளில் வந்திருக்கிறான்.

2. அந்தப் பனியனின் கதை

நான் இராஜபாளையத்தில் ஒரு சர்ஜிக்கல் பேண்டேஜ் யூனிட்டில் குவாலிட்டி செக்ஷன் பொறுப்பாளன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் இருந்தும் டிவிஎஸ் இருந்தும் வேலைக்குச் சைக்கிளில்தான் போவேன். மார்கழியில் விடிவதற்கு முன்னால் கிளம்பினால் மலையிலிருந்து இறங்கும் காற்று காதைக் குத்தும். அதற்காக, நெசவுக் குறையால் யூனிட்டில் ரிஜெக்ட் ஆன காஸ் துணியை, அதாவது காயத்தில் வைத்துக் கட்டும் துணியை, எட்டு மடிப்பாக மடித்துக் கையில்லாத பனியன் மாதிரி எங்கள் தெரு டெய்லரிடம் தைத்து வாங்கினேன். பஞ்சு போல இருக்கும், கதகதப்பாகவும் இருக்கும். அதன்மேல் காட்டன் சட்டை. ஒரு மார்கழிகூட எனக்குக் காய்ச்சல் வந்ததில்லை.

போதாதா? "சார் சைக்கிள்ல வாராரு, அவருகிட்ட கேளு" என்று குளிருக்கு என்ன போடுவது என்பதில் யூனிட்டுக்கே நான் வாத்தியாராகிவிட்டேன். எனக்கும் அந்தப் பதவி பிடித்திருந்தது.

சோழபுரத்து மாரியப்பன் ப்ளீச்சிங் செக்ஷன் ஆபரேட்டர். ‘கியர்’ என்று சொல்கிற பெரிய கொதிகலனில் துணியை வேகவைத்து, பஞ்சில் இயற்கையாக இருக்கிற மெழுகை நீக்குவது அவன் வேலை. மெழுகு போனால்தான் காஸ் ரத்தத்தை உறிஞ்சும். அவன் அனுப்பும் துணியை நான் லேபில் சோதிப்பேன். சோதனை எளிது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட வேண்டும். பத்து வினாடிக்குள் குடித்து மூழ்கினால் பாஸ். மிதந்தால் ரிஜெக்ட். நாளுக்கு இருபது முறை ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன் நான்.

ஐப்பசியில் யூனிட்டில் மாரியோடு சேர்த்து நாலு பேர் கியர் சைக்கிள் வாங்கி, ஒரு லீவு நாளில் கொடைக்கானல் ஏறி இறங்குவது என்று முடிவு செய்தார்கள். வத்தலக்குண்டு வரைக்கும் வேன், அங்கிருந்து சைக்கிள். முழங்கால் வலி என்பதால் நான் வேனில். மாரி ஒரு ஜெர்கின் வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"இது எதுக்குலே? பூரா பிளாஸ்டிக். உள்ள வேத்துப் புழுங்கிச் செத்துருவ. நம்ம ஊர்க்காரன் பஞ்ச நம்பாம பாலியஸ்டர நம்புனா எப்படி?" என்று சொல்லி அதை வாங்கி வேனில் என் சீட்டுக்கு அடியில் போட்டேன். என் பனியன் ஒன்றைக் கொடுத்தேன். மற்ற மூன்று பேரும் "இருக்கட்டும் சார்" என்று நழுவிவிட்டார்கள். மாரி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டான்.

ஏறும்போது ஆறேழு மணி நேரம் வியர்வை. எட்டு மடிப்புக் காஸ் அத்தனையையும் குடித்தது. மேலே போனதும் மூடுபனியும் தூறலும். அருவிப் பக்கம் நின்று சோளக்கதிர் தின்றார்கள். பிறகு இறக்கம். இறக்கத்தில் மிதிக்கிற வேலை கிடையாது, உடம்பில் சூடு பிறக்காது, காற்று மட்டும் அடிக்கும். என் சமதரை ரோட்டில் இதெல்லாம் இல்லை. வியர்ப்பதற்குள் யூனிட் வந்துவிடும், போய்ச் சட்டையை மாற்றிவிடுவேன். இருபத்தெட்டு வருஷம் துணி தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவனுக்கு, அதையே ஒருவன் நெஞ்சில் கட்டி அனுப்பும்போது அது தண்ணீர் குடிக்கும் என்று தோன்றவில்லை. மண்டையில் என்னதான் இருந்ததோ.

செல்வராஜ் தன் கம்பளியை மாரிமேல் சுற்றி, வேனுக்குள் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஜெர்கினையும் என் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துப் போர்த்தினார். அது காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் வேனை ஓட்டினேன். பாதி வழியில் மாரி மறுபடி நடுங்க ஆரம்பித்தான். "இப்பம் பொழச்சிக்கிடுவான்" என்றார் செல்வராஜ்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "உள்ள என்ன போட்டிருந்தாரு?"

"காட்டன்" என்றேன்.

"குளிர்ல ஈரக் காட்டனப் போட்டுட்டு வரதுக்கு சும்மா வெறும் உடம்போட வந்திருக்கலாம். யாரு சொல்லிக் குடுத்தது?"

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

3. மாரி கேட்டது

மாரி நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டான். எப்போது வந்து சட்டையைப் பிடிப்பானோ என்று லேபுக்குள்ளேயே இருந்தேன். அவன் வரவில்லை. நானும் போகவில்லை. நாள் தள்ளத் தள்ள, அவனுக்குக் கோபம் ஒன்றும் இல்லைபோல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சார், தப்பா நெனைக்காதிய. தப்பு எம்மேலதான்."

"என்னடே சொல்லுத?"

"நீங்க அம்புட்டு தூரம் சொல்லிக் குடுத்து விட்டிய. நான்தான் வழியில கழட்டிட்டேன் போல. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார். முழிச்சுப் பாக்கையில மேல பனியன் இல்ல, சீட்டுல கெடந்துச்சு. எம் பொண்டாட்டி தெனமும் ஏசுதா, சார் குடுத்தத ஏன் கழட்டுனீங்கன்னு. அத அவளே எடுத்து வச்சுக்கிட்டா. இன்னொண்ணு தச்சுத் தாங்க சார். இந்தத் தடவ செத்தாலும் கழட்ட மாட்டேன்."

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். மலையில் பார்த்ததைவிட இது பெரிய அதிர்ச்சி. அவனைச் சாகடிக்க இருந்த சாமானை, தன்னைக் காப்பாற்ற வந்தது என்று நம்பி, மறுபடியும் என்னிடமே வந்து கேட்கிறான்.

"ஏலே மாரி, நீ கழட்டல. நான்தான் கழட்டுனேன். அதனாலதான் நீ பொழச்ச. உன் ஜெர்கினப் போட விட்டிருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. என் தப்புலே எல்லாம்."

"அப்பம் எம் வீட்டுல வந்து நீங்களே சொல்லுங்க சார்" என்றான். அவன் குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது.

4. சோழபுரம்

அன்று சாயங்காலமே போனேன். கார்த்திகைத் தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மாரியின் மனைவி செல்வி சேரை இழுத்துப் போட்டுத் துடைத்தாள். காபி கொண்டுவந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தப் பனியன் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அத அலசிக் காயப்போட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டேன் சார். பத்தாவது படிக்கா. விடிகாலையிலயே இராஜபாளையத்துக்கு சைக்கிள்ல டியூசன் போறா, குளுரும் மழையுமா இருக்குல்லா. அப்பா மாதிரி கழட்டிறாத ஏட்டின்னு சொல்லித்தான் தெனமும் அனுப்புதேன். இன்னைக்கும் தொப்பலா நனைஞ்சு, வெடவெடன்னு நடுங்கிட்டு வந்தா. பள்ளிக்கூடத்துக்கும் போகல. கழட்டியிருப்பான்னு சொல்லி முதுகுல ரெண்டு வச்சேன்."

உள்ளறையில் போர்வைக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "நான் கழட்டவே இல்லம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது ஆள், அடுத்தவர் வீட்டில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாரி வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வி ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது உங்களுக்கு என்னைக்கு சார் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்மா. மலையிலயே."

அவள் ஏசியிருக்கலாம். ஏசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சைக்கிளில் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு, தங்கைகளுக்கு, இப்போது நான் சொல்வது இதுதான். உடம்போடு ஒட்டுகிற துணி காட்டனாக இருக்க வேண்டாம். கபடி டீம் பையன்கள் போடுகிற பாலியஸ்டர் பனியன் போதும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேல் காற்றை மறிக்கிற ஜெர்கின். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் வழியில் வியர்க்கும். ஏற்றத்தில் ஒன்றைக் கழற்றுங்கள், இறக்கத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த பனியன் ஒன்று பிளாஸ்டிக் பையில் எப்போதும் இருக்கட்டும்.

இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்னது தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் லேபுக்குள் ஒளிந்துகொண்டிருந்த அந்தப் பத்து நாளும், ஒரு சின்னப் பெண் என் பேச்சை நம்பி அதைப் போட்டுக்கொண்டு மழையில் போய் வந்திருக்கிறாள். கழற்றாமலே, கழற்றினாள் என்று அடியும் வாங்கியிருக்கிறாள்.