நீலம் வராத படம்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா இருந்தார். அக்கா இருந்தாள். நான் இருந்தேன். மேசை மேல் சித்தப்பாவின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன. எல்லாரும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் நாங்கள் ஒரு குடித்தனம். சொந்த ஊர் ஹனூர் பக்கம். அப்பாவுக்கு மில்லில் வேலை. சித்தப்பா ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட பிரிண்டரை வாங்கி வந்து முன்னறையில் வைத்திருந்தார். காலேஜ் பையன்கள் கொண்டுவருவதை அச்சடித்துக் கொடுப்பார். எல்லாம் கறுப்பு மை. கலருக்கு வேலையே வராது. கலர் மை டப்பா மாதக்கணக்கில் சும்மா கிடந்தது.

அன்றைக்குக் கலர் வேண்டியிருந்தது. அக்காவின் போட்டோ. தரகர் மத்தியானம் கொள்ளேகால் பஸ் ஏறுகிறார். அங்கே மூன்று வீட்டுக்குப் படம் வேண்டும் என்றிருந்தார். அதில் ஒரு வீடு பட்டுத் தறி வைத்திருப்பவர்கள். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. இதை விட்டால் ஒரு மாதம் யாரும் பேச்சே எடுக்க மாட்டார்கள். கையில் ஸ்டூடியோவில் எடுத்த ஒரே படம்தான். ஸ்டூடியோக்காரர் கல்யாண வேலையாக வெளியூர் போய்விட்டார், கடை பூட்டு. நான் அடித்துத் தருகிறேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். முந்தின நாளே தெரிந்த கடையில் படத்தை ஸ்கேன் செய்து பிளாப்பியில் கொண்டுவந்திருந்தார்.

ஒரு மணிக்குக் கரண்ட் போய்விடும். அந்தக் கோடையிலிருந்து தினமும் அப்படித்தான்.

முதல் தாள் இறங்கியது. அந்தப் பிரிண்டர் கோடு கோடாகத்தான் இறக்கும். முதலில் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. நெற்றி பச்சை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது. பாம்பு கடிச்சாப்பல."

மூக்கு பச்சை. கன்னம் பச்சை. புடவையும் பச்சை. புடவை நிஜத்திலும் பச்சைதான், அது ஒன்று சரியாக வந்திருந்தது.

"ஏண்டா, இதைக் கொண்டுபோய்க் குடுத்தா வெளங்குமாடா?" என்றார் அப்பா.

"செகப்பு வரலீங்கண்ணா. காஞ்சு போயி அடைச்சிருக்குது. ஸ்வல்ப நேரம் இருங்க."

"மணி பன்னெண்டு. உன்ற ஸ்வல்பத்துக்கு என்ன கணக்கு?"

சித்தப்பா டப்பாவைக் கழற்றினார். தூக்குப்போசி மூடியில் வெந்நீர் ஊற்றி, மை இறங்கும் பக்கத்தை அதில் வைத்தார். வேட்டித் துணி ஒன்றைக் கிழித்து என் கையில் கொடுத்து விரித்துப் பிடிக்கச் சொன்னார். டப்பாவைத் துணியில் அழுத்தினால் மூன்று கோடு விழ வேண்டும். நீலம், சிவப்பு, மஞ்சள். நீலம் விழுந்தது. மஞ்சள் விழுந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. மறுபடி வெந்நீர். மறுபடி துணி. நான் சரியாகப் பிடிக்காததால்தான் சிவப்பு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வாசலுக்குப் போவார், உள்ளே வருவார், கடிகாரத்தைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா எட்டிப் பார்த்து "ஏனாயித்து?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று அப்பா கதவைச் சாத்தினார்.

மூன்றாம் தடவை சித்தப்பா டப்பாவை ரொம்ப நேரம் வெந்நீரில் விட்டுவிட்டார். எடுத்தபோது மூடியில் தண்ணீர் நீலமாக நின்றது. துணியில் சிவப்பு விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் யாரும் நீலத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது தாள் இறங்கியது. நெற்றி வந்ததும் அப்பா குனிந்தார்.

அக்கா கறுப்பு. அப்பாவைக் கொண்டு பிறந்தவள். நானும் அப்படித்தான். தாளில் வந்த அக்கா செக்கச்செவேல் என்று இருந்தாள். புடவை மஞ்சளாகிவிட்டது.

"நீலம் பூரா இறங்கிருச்சுங்கண்ணா. இது ராங்கு. பாட்டில்ல இருக்கற நீல மைய ஊசில ஏத்தி டப்பால விட்டா சரியாப் போகும்."

அப்பா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன ராங்கு. நல்லாத்தான இருக்குது."

"புடவையப் பாருங்கண்ணா."

"புடவையவா கட்டிக்கப் போறாங்க. இதே மாதிரி மூணா அடி."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"யாருங்கப்பா இது?"

"நீதான். வேற யாரு. போ, போயித் தலையச் சீவு. தரகர் வர்ற நேரம்."

இன்னும் இரண்டு அடித்தாயிற்று. அப்பா மூன்றையும் கவரில் போட்டு மேசை மேல் வைத்தார். தரகரைக் கூட்டிவர சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

சைக்கிள் பெல் சத்தம் தெருமுனை தாண்டியதும் அக்கா நீல மை பாட்டிலை எடுத்தாள்.

"சித்தப்பா, இதை எந்த ஓட்டைல விடறது?"

"அண்ணன் கொன்னு போட்ருவாரு புள்ள."

"என்னையத்தான கொல்லுவாரு. நீங்க ஓட்டையக் காட்டுங்க."

சித்தப்பா தாடையால் காட்டினார். கை வைக்கவில்லை. பழைய மை, அடியில் கூழாக நின்றிருந்தது. அக்கா குலுக்கினாள். மெல்லிய துணியில் வடிகட்டினாள். ஊசியில் ஏற்றினாள்.

"மெதுவா விடு. பொங்கி பக்கத்து ஓட்டைல கலந்துரும்," என்றார் சித்தப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அம்மா அடுப்படியில் இருந்தாள். திரும்பவே இல்லை. "பாப்பா, வாசல்ல நில்லு. அப்பா வந்தாச் சொல்லு" என்றாள். அப்பா கோபக்காரர். அதுவரை அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

வாசலில் நின்றேன். தெருவில் போன ஒவ்வொரு சைக்கிளும் அப்பா சைக்கிளாகவே கேட்டது. ஐஸ்காரர் மணி அடித்தார். நான் உள்ளே ஓடினேன். மறுபடி வாசலுக்கு ஓடினேன். உள்ளே பிரிண்டர் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு மெஷின் ஓடி நான் பார்த்ததில்லை.

இரண்டு தாள் முழுசாக வந்தது. அக்கா அக்காவாக இருந்தாள், புடவை பச்சையாக இருந்தது. மூன்றாவதில் கண் வரைக்கும் வந்தபோது கரண்ட் போனது. அக்கா யோசிக்கவில்லை. ஸ்டூடியோ படத்தையே எடுத்தாள். இரண்டு தாள், ஒரு ஸ்டூடியோ படம், மூன்றையும் கவரில் போட்டாள். அப்பா வைத்த மூன்று செவத்த முகங்களையும், கண்ணோடு நின்றுபோன தாளையும் குளிக்கிற வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

அப்பா வந்தார். தரகரும் வந்தார். அக்கா காபி கொண்டுவந்தாள். விரல் எல்லாம் நீலம். டம்ளரைத் தாவணி முனையால் பிடித்திருந்தாள்.

"கவர்ல என்ன இருக்குதுன்னு ஒருக்காப் பாத்துக்கறனுங்க" என்று தரகர் கையை விட்டு ஒன்றை உருவினார். சித்தப்பா பின்பக்கமாகப் போய்விட்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

தரகர் தாளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "புள்ள அப்படியே இருக்குதுங்க" என்றார்.

"கம்ப்யூட்டர் பிரிண்டுங்க" என்றார் அப்பா, பொத்தான் போட்டுக்கொண்டே.

தாள் கவருக்குள் போனது. கவர் தரகர் பைக்குள் போனது. அப்பா அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு இது எப்போது தெரிந்தது, தெரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் பிடிக்கவில்லை, அதனால்தான் தன் படத்தைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அவள்மேல் எனக்குக் கோபம். அவ்வளவு அழகாக வந்த முகத்தை அடுப்பில் போட்டாளே என்று.

ஆவணியில் கொள்ளேகாலிலிருந்து ஒரு வீடு வந்தது. தறிக்காரர்கள் இல்லை, வேறு வீடு. மாப்பிள்ளை அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காபியைக் குடித்தார். அங்கேதான் கொடுத்தோம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அவள் ஏன் அதை அடுப்பில் போட்டாள் என்று புரிந்தது. அக்காவுக்கு முன்பு வேறொரு படம் இருந்தது. பவுடர் அப்பி, பெரிய லைட் போட்டு எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் வருவார்கள். அக்கா தட்டோடு வந்து நிற்பாள். அவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுவார்கள். மிச்சமான கேசரி எனக்கு வரும். யாராவது வந்தால் எனக்குச் சந்தோஷம்.

அப்படி வந்து போன வீடு ஏழு.