வல்லிபுரத்துக்குத் தனியே

குணலட்சுமி யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் படவரைஞராக இருந்தாள். இருபத்திரண்டு வருடங்களாகக் குடாநாட்டின் வீதிகளையும் குளங்களையும் கடற்கரைகளையும் மெல்லிய தாளில் கீறியவள். கீறிய இடங்களில் பாதியைக்கூட அவள் நேரில் கண்டதில்லை. உரும்பிராயில் வீடு. எண்பத்து மூன்று கலவரத்தோடு தம்பிமார் இருவரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். படுக்கையில் விழுந்த தகப்பனைப் பார்ப்பது அவள் பொறுப்பாயிற்று. பத்து வருடம் அலுவலகம், வீடு, மருந்துக்கடை என்று போனது. பிறகு தகப்பனும் காலமானார்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு அவருடைய முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்து உறவினர்கள் கலைந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகும் விடிய ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். தகப்பனுக்குக் கஞ்சி வைக்க எழும்பி அடுப்படி வரை போய், அங்கேயே நின்றுவிடுவாள்.

அப்படி நின்ற ஒரு காலையில்தான் பயணம் போகும் எண்ணம் வந்தது. அன்று அலுவலகத்தில் பக்கத்து மேசை லூர்த்தம்மாவிடம் சொன்னாள். லூர்த்தம்மா தட்டெழுத்தாளர், பாசையூர்க் கத்தோலிக்கக் குடும்பத்தவள், கணவனை இழந்தவள். மத்தியானச் சாப்பாட்டை இருவரும் ஒன்றாகத்தான் பிரிப்பார்கள்.

"புரட்டாதியிலை போவம், லூர்த்து. சோளகக் காத்து விழுந்திடும், மழையும் தொடங்காது. முதல் நாள் நிலாவரைக் கிணறு பாத்து, வல்லை வெளியாலை பருத்தித்துறை. அடுத்த நாள் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தம். மூண்டாம் நாள் மணல்காடு. அங்கை மணலுக்கை புதைஞ்ச பழைய அந்தோனியார் கோயில் இருக்கு."

"சைக்கிளிலையோ அக்கா?"

"வேறை எதிலை?"

லூர்த்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், வாறன்" என்றாள்.

இரண்டு மாதம் அதே கதைதான். எங்கே தண்ணீர் குடிப்பது, எந்த இடத்தில் நிழல் இருக்கும், குண்டு போட விமானம் வந்தால் எங்கே படுப்பது எல்லாம் பேசினார்கள். குணலட்சுமி வழியை அழகாக ஒரு படமாகக் கீறிக்கொண்டு வந்தாள். லூர்த்தம்மா அதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"உதைக் கொண்டு போகாதேங்கோ. ஆராவது மறிச்சு உளவுப் படமோ எண்டு கேட்டால் என்னண்டு சொல்லுவியள்?"

அது சரியாகவே பட்டது. குணலட்சுமி படத்தை அடுப்பில் போட்டாள். ஊர்ப் பெயர்கள் அவளுக்கு மனப்பாடம்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் லூர்த்தம்மா அலுவலகத்துக்குப் பிந்தி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஊரை விட்டு வெளியிலை போற பாஸ் கிடைச்சிட்டுது அக்கா. ஜெர்மனியிலை மகன் எல்லாம் சரிக்கட்டிப் போட்டான். வியாழக்கிழமை கிளாலியாலை போறன்."

கடற்படையின் கண்ணில் படாமல் கிளாலிக் கடலைப் படகில் கடப்பது அப்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் காரியம். குணலட்சுமி அவள் கையைப் பிடித்தாள்.

"கவனமாப் போம்."

"நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

"நானோ? லீவு போட்டாச்சு."

"மணல்காட்டுக்குப் போனால் எனக்காக அந்தக் கோயிலிலை ஒருக்கா நில்லுங்கோ அக்கா."

வியாழன் விடிய குணலட்சுமி தனியே சைக்கிளில் புறப்பட்டாள். நிலாவரையில் எட்டிப் பார்த்தபோது, எவ்வளவு ஆழம் என்று சொல்லிக் காட்டப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. வல்லை வெளியில் இருபுறமும் உப்புத் தரை, நடுவே வீதி, மேலே வானம். காற்று ஓய்ந்திருந்தும் மிதிக்க மிதிக்கத் தூரம் குறையாதது போலிருந்தது. அங்கேதான் முதல் தடவையாகத் திரும்பிப் போகலாமோ என்று நினைத்தாள்.

பருத்தித்துறையில் தூரத்து உறவான பத்மாசினி வீட்டில் தங்கினாள்.

"ஆரோடை வந்தனீங்கள்?"

"தனிய."

"என்ன, காணி விசயமே?"

"இல்லை. சும்மா பாக்க வந்தனான்."

பத்மாசினி நம்பவில்லை. சாப்பாடு போடும்போதும் இடைக்கிடை காணிக் கதைதான் எடுத்தாள்.

மறுநாள் வல்லிபுரக் கடற்கரையில் சனம் நெரிந்தது. சுவாமி தீர்த்தமாடியதும் குடும்பம் குடும்பமாகக் கைகோத்துக் கடலில் இறங்கினார்கள். குணலட்சுமி மணலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். பையையும் அடையாள அட்டையையும் ஆரிடம் விட்டுவிட்டு இறங்குவது? இரண்டு ஆளாக வந்திருந்தால் மாறி மாறிக் குளிக்கலாம். திட்டம் போட்டபோது இது ஒன்றை அவள் யோசிக்கவே இல்லை. தகப்பன் செத்த அன்றுகூட வராத அழுகை அப்போது வந்தது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஈரச்சேலையோடு கரையேறிய ஒரு மனுசி பக்கத்தில் வந்து நின்றாள். தும்பளையைச் சேர்ந்த சிவக்கொழுந்து என்று பிறகு தெரிந்தது.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்? தா, நான் பிடிக்கிறன். இறங்கு."

குணலட்சுமி பையையும் சைக்கிளையும் கொடுத்தாள். முழங்கால், இடுப்பு, பிறகு ஒரு அலை தலைக்கு மேலால் போனது. மூச்சு முட்டி எழுந்தவள் மறுபடியும் தாழ்ந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கரைக்கு வந்தபோது சிவக்கொழுந்து சைக்கிளைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். "அடுத்த முறையும் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சனத்தோடு போனாள்.

சனிக்கிழமை மணல்காட்டில் அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தன. கூரை இல்லை. குணலட்சுமிக்கு வேதக்காரரின் செபம் ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றாள். "லூர்த்தம்மா போய்ச் சேர வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அதையே இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு மத்தியான வெயிலில் உரும்பிராய்க்கு மிதித்தாள்.

திங்கட்கிழமை பக்கத்து மேசையில் தட்டெழுத்துப் பொறி மூடியபடி இருந்தது. தலைமை எழுதுவினைஞர் பஞ்சலிங்கம் கோப்போடு வந்தார்.

"லூர்த்தம்மாவின்ரை படகு கரை சேந்திட்டுதாம். என்ரை மச்சானும் அதிலைதான் போனவர், ஆள் விட்டுச் சொன்னவர்."

குணலட்சுமி மூடியிருந்த பொறியின் மேல் படிந்த தூசியைத் துடைத்தாள்.

"நீங்கள் லீவிலை எங்கை போனனீங்கள்?"

"வல்லிபுரப் பக்கம்."

"ஆரும் சொந்தக்காரரோ?"

"இல்லை. கடல் குளிச்சனான்."

பஞ்சலிங்கம் அவளை ஒரு தடவை பார்த்தார். கோப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் தாளை விரித்து, பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.