கண் திறந்து கொடுத்த தனுஷ்கோடி

காலை ஷிப்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தபோதுதான் செய்தி என் காதில் விழுந்தது. "நம்ம ஃபோட்டோ தனுஷ்கோடி போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார் வெல்டர் ஒருவர். பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் ஏறவில்லை.

கம்பெனி ஸ்டோர்ஸில் சாமான் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் அவருக்கு. ஆனால் நெய்வேலியில் யாரும் அவரை ஸ்டோர்ஸ் தனுஷ்கோடி என்று சொன்னதில்லை. ஃபோட்டோ தனுஷ்கோடிதான். அந்தப் பெயரைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

எங்கள் பிளாக்கில் மரங்கள் இடுப்பளவு கூட வளராத நாட்கள் அவை. அவரும் மனைவி சரோஜாவும் பக்கத்து குவார்ட்டர்ஸ். தபால் வழியாகப் புகைப்படப் பாடம் வரவழைத்திருந்தார். எல்லாம் இங்கிலீஷ். ஆபீசில் டைப் அடிக்கிற எனக்கு அது தெரியும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். "வரிக்கு வரி வேணாம் சார். அவன் என்ன செய்யச் சொல்றான், அதை மட்டும் சொல்லுங்க" என்பார். பிலிமைக் குளிர்ந்த நீரில் கழுவு என்றது பாடம். சித்திரை மாதத்து நெய்வேலிக் குழாயில் குளிர்ந்த நீருக்கு எங்கே போவது? முதல் பிலிமின் மேல்பூச்சு கஞ்சி ஏடு போல வழிந்து தொட்டிக்குள் போய்விட்டது. அதன்பிறகு வடலூர் சோடாக் கடையிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ்கட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். வருவதற்குள் பாதி ரோட்டுக்குப் போய்விடும். "பாடம் எழுதினவனை ஒருநாள் இந்த வெயில்ல சைக்கிள் மிதிக்க விடணும் சார்" என்று சிரிப்பார். கோபமாக ஒரு வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை. கோபமெல்லாம் எனக்குத்தான்.

வடலூரில் ஒரு ஸ்டூடியோ. கல்யாணப் படம், குழந்தைப் படம். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். பெர்மனன்ட் வேலையை விட்டுவிட்டா என்று கேட்டேன். "நான் இல்லைன்னா ஸ்பானரை இன்னொருத்தன் எடுத்துக் குடுப்பான் சார்" என்றார்.

முதல் அழைப்பு பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்திலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு அல்ல. அந்த ஊரில் பலர் உயிரோடிருக்கும்போது படம் எடுத்துக்கொண்டதே இல்லை. செத்தபின் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகள் சுற்றி நின்று எடுப்பதுதான் முதல் படமும் கடைசிப் படமும். எடுத்து முடித்ததும் இறந்தவரின் மகன் கேட்டிருக்கிறார்: "கண்ணு மட்டும் தொறந்தாப்ல போட்டுக் குடுங்க. தூங்கிகினு இருக்கிறவர எப்பிடிங்க செவுத்துல மாட்டறது?"

பாடத்தில் பிணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. முகப்பருவையும் சுருக்கத்தையும் மெல்லிய பிரஷ்ஷால் மறைக்கும் முறை மட்டும் இருந்தது. அதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் பிரஷ்ஷாலேயே படத்தின் மூடிய இமைமேல் கண் எழுதிவிட்டார். எப்படி என்று கேட்டேன். "அப்பன் கண்ணு மகன்கிட்டதான சார் இருக்கும்? அவரை எதிர்ல உக்கார வெச்சுப் பாத்து எழுதினேன்" என்றார்.

அதற்குப்பின் சுற்றுக் கிராமமெல்லாம் தேடி வந்தது. வந்தவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். இழவு சொல்ல வந்தவரை "வாங்க" என்று அழைக்கும் வழக்கம் இல்லை. கேமராவை மாட்டிக்கொண்டு இவரும் பேசாமல் கிளம்புவார். இதைப் படிக்கும் உங்களில் சிலர் வீட்டுச் சுவரில் அவர் எழுதிய கண்கள் இன்றைக்கும் விழித்திருக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் நீண்ட லீவு போட்டு வடலூரில் கடை பிடித்தார். போர்டு எழுதி மாட்டினார். ஃபோர்மேன் ஒருவர் மகளின் கல்யாணம் முதல் வேலையாகக் கிடைத்தது. மணமேடைக்கு முன்னால் கேமராவைத் தூக்கியபோது பந்தலிலிருந்து ஒருவர் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா செத்தப்ப வூட்டுக்கு வந்து கண்ணு தொறந்து குடுத்த புண்ணியவானுங்க இவரு! இன்னிக்கும் எங்கப்பா எங்களப் பாத்துகினுதான் இருக்காரு!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இழவு வீட்டுப் படக்காரர் என்பது மணமேடைவரை தெரிந்துபோனது. பெண்ணின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃபோர்மேன் இவர் தோளில் கைபோட்டுப் பந்திக்கு அழைத்துப்போய், "முதல்ல சாப்பிடுங்க, படம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

கல்யாணக்காரர்கள் படத்துக்குக் கடலூர் ஸ்டூடியோக்களைத் தேடிப் போனார்கள். இவர் கடைவாசலில் துண்டைத் தோளில் போட்டு மௌனமாக நிற்பவர்கள் மட்டும் வந்தார்கள். போர்டைக் கழற்றிக்கொண்டு ஸ்டோர்ஸுக்குத் திரும்பினார். கடைசிப் பாடம் தொழில் தொடங்குவதைப் பற்றியது. ஒரு வேலையில் பெயர் எடு, அந்தப் பெயர் உன் வாடிக்கையாளரை அழைத்துவரும் என்று அதில் இருந்தது. நான் அந்தப் பாடத்தைத் திட்டினேன். "அவன் பொய் சொல்லலை சார். பேரு எடுத்துட்டேனே" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். கம்பெனி பாஸில் ஒட்டிய நகமளவு படத்தைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை. நகரியத்தில் கேமரா வைத்திருப்பவர்கள் உண்டு. இழவு வீடு என்றதும் ஒருவருக்கும் நேரமில்லை. சரோஜா அவருடைய கேமராவையே என் கையில் கொடுத்தார். "பாடம் படிச்சுச் சொன்னது நீங்கதானே அண்ணே. எடுத்து, கண்ணும் தொறந்து குடுத்துடுங்க."

எடுத்தேன். கழுவி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். பாடம் முழுக்க எனக்கு மனப்பாடம். இரண்டு மொழியிலும் சொல்வேன். கைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிரிண்டில் எழுதிப் பார்த்தேன். ஏதோ ஒரு கண் வந்தது. அவர் கண் இல்லை. பார்த்து எழுதலாம் என்றால் பாஸ் படத்தில் கண் வெறும் புள்ளி, அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

அவருடைய பிரஷ்ஷும், கண் மூடிய இன்னொரு பிரிண்டும் என்னிடம் இருக்கின்றன. சரோஜா தினமும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் ஓரமாக வந்து நின்று படம் கேட்கிறார். "எழுதின மை இன்னும் காயலம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.